கட்டியை அறுப்பதற்கு முன்: அரிய புற்றுநோய்க்கும் மருத்துவ ஆய்வுக்கும் நீலகிரியிலிருந்து இறங்குகிறவர்களுக்கு

என் அண்ணனுக்கு 41 வயது. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். அவருடைய வலது தொடையில் வந்த கட்டி சைனோவியல் சார்கோமா என்னும் அரிய வகைப் புற்றுநோய் என்று உறுதியாவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. அவற்றில் மருத்துவத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை ஆறு வாரங்கள்கூட இருக்காது. மீதி நாட்கள் தொலைந்துபோன சதைத் துண்டைத் தேடுவதிலும், பெயரைத் திருத்துவதிலும், நாள் கடந்த ஸ்கேனை மறுபடி எடுப்பதிலும் கழிந்தன. நோயாளிகளைச் சேர்த்து மருந்தையோ நோயின் போக்கையோ முறைப்படி ஆராயும் மருத்துவ ஆய்வு (கிளினிக்கல் டிரையல்) ஒன்றில் சேரும் வாய்ப்பு நாள் கணக்கு தவறியதால் கைநழுவிப் போயிற்று. பிறகு இன்னோர் ஆய்வில் சேர்ந்தார். நான் மருத்துவரோ செவிலியரோ அல்ல, கோப்பைச் சுமந்துகொண்டு கூடவே நடந்த தங்கை. மலையிலிருந்து இறங்கும் அடுத்த குடும்பம் எங்களைப் போல அலையக் கூடாது என்பதற்காக, எந்த வரிசையில் இவையெல்லாம் நடந்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. கத்திக்கு முன் ஊசி

கையிலோ காலிலோ முதுகிலோ உள்ள கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது தோலுக்கு அடியில் நழுவாமல் சதைக்குள் ஆழமாக இருந்தால், அல்லது மாதத்துக்கு மாதம் வளர்ந்தால், அது வலிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. முதலில் அந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பிறகு தடித்த ஊசியால் சிறு துண்டுகள் எடுக்கும் பயாப்சி, அதன் முடிவு வந்த பிறகே அறுவை சிகிச்சை. இந்த மூன்றின் வரிசையும் மாறக் கூடாது.

எங்கள் வீட்டில் அந்த வரிசை தலைகீழாக நடந்தது. அண்ணனின் கட்டியை ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் 'வெறும் கொழுப்புக் கட்டிதான்' என்று சொல்லி, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. ஆறு வாரத்தில் அதே தழும்புக்கு அடியில் கட்டி மறுபடி தலைகாட்டியது. புற்றுக்கட்டியை முன்கூட்டித் திட்டமிடாமல் வெட்டினால் அதன் செல்கள் சுற்றியுள்ள சதை அடுக்குகளில் பரவக்கூடும். அதனால் அடுத்த அறுவை சிகிச்சையில் கூடுதலான சதையை எடுக்க வேண்டியிருக்கும். ஊசி நுழைந்த பாதையைக்கூடப் பின்னர் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரே பயாப்சி எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதைத் தீர்மானிப்பது நல்லது.

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை கழுத்து நெறிக்கட்டி, தைராய்டு போன்றவற்றில் பெரிதும் உதவும். ஆனால் சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய், எந்த வகை என்று பிரித்தறிய அது பொதுவாகப் போதாது. 'எஃப்.என்.ஏ.சி.யில் ஒன்றும் இல்லை' என்ற ஒரே வரியை நம்பி நாங்கள் இரண்டு மாதம் இருந்தோம்.

ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். என்ன எடுத்தார்கள், எவ்வளவு பெரியது, எந்த அடுக்கிலிருந்து எடுத்தார்கள் என்று எழுதிய அறுவை சிகிச்சைக் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே போகும் மருத்துவமனையில் முதலில் கேட்கப்படுவது அவையே.

2. சதைத் துண்டு உங்கள் உயிர்ப் பத்திரம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். உடலிலிருந்து எடுக்கும் சதை உடனே, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடப்பட வேண்டும். திரவத்தின் அளவு சதையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு இருக்க வேண்டும். வெறும் உப்புத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் கீழே கோவை போய்ச் சேருவதற்குள் சதை கெடத் தொடங்கிவிடும். கெட்ட சதையை எந்த ஆய்வகமும் மீட்க முடியாது. டப்பாவின் மூடியில் அல்லாமல் டப்பாவின் பக்கவாட்டில் நோயாளியின் பெயர், வயது, எடுத்த இடம், எடுத்த தேதி, நேரம் ஆகியவை எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள். மூடி கழன்று மாறிப்போகும்.

ஆய்வகத்தில் அந்தச் சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மெழுகுத் துண்டாக்குகிறார்கள். அதைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். அதிலிருந்து மிக மெல்லிய சீவல்கள் எடுத்துச் சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டினால் அது ஸ்லைடு. நோயாளிகளில் பலர் ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். சாயமேற்றிய ஸ்லைடைப் பார்த்து நிபுணர் கருத்துச் சொல்லலாம். ஆனால் புதிய சோதனைகள் செய்யப் புதிய சீவல்கள் வேண்டும், அவை பிளாக்கிலிருந்துதான் வரும். அரிய புற்றுநோய்களில் முதல் ஆய்வறிக்கையும் நிபுணரின் மறு ஆய்வும் வேறுபடுவது உண்டு என்பதால், பிளாக் இல்லாமல் எந்தப் பெரிய மருத்துவமனையும் முடிவு சொல்லத் தயங்கும். மருத்துவ ஆய்வுகளில் பலவும் பிளாக்கைச் சேர்க்கைக்கான நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன.

அண்ணனின் முதல் கட்டி எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பப்படவே இல்லை. டப்பாவை எங்கே வைத்தார்கள் என்று கேட்டு நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, அது அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது என்று சொன்னார்கள். ஆகவே சதை எடுத்த அன்றே, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கே என்ன எண் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளாக்கை வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். பிளாக்கின் மீதுள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எத்தனை பிளாக்குகள் தரப்படுகின்றன என்று எழுதிய, முத்திரையிட்ட கடிதம் கூடவே வேண்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்திலோ காரிலோ போகும்போது வெயில் படும் முகப்பில் வைக்காமல், துணி சுற்றிய பெட்டியில் பையின் நடுவில் வைக்க வேண்டும். அந்த மெழுகு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது, மேட்டுப்பாளையத்து மதிய வெயிலில் நிறுத்திய காரின் முகப்பு எப்படிக் கொதிக்கும் என்பது மலையிலிருந்து இறங்கியவர்களுக்குத் தெரியும். மறு ஆய்வு முடிந்ததும் பிளாக்கைத் திரும்பக் கேளுங்கள். எந்த மருத்துவமனையும் கேட்காமல் தராது.

கால அளவையும் சொல்லிவிடுகிறேன். கட்டி மறுபடி வந்த பிறகு செய்த பயாப்சியின் முதல் அறிக்கை எங்களுக்கு ஆறு நாளில் வந்தது. செல்களின் புரதங்களைச் சாயம் கொண்டு அடையாளம் காணும் ஐ.எச்.சி. சோதனைக்கு இன்னும் எட்டு நாள் ஆயிற்று. அதற்கு 6,500 ரூபாய் கட்டினோம். சைனோவியல் சார்கோமாவில் எஸ்.எஸ்.18 என்னும் மரபணு உடைந்து, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஸ்.எஸ்.எக்ஸ். மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த உடைவைக் காட்டும் ஃபிஷ் சோதனைக்கு மேலும் இரண்டு வாரம், 9,000 ரூபாய். இந்தச் சோதனை முடிவு வரும்வரை மருத்துவர் சிகிச்சையைத் தொடங்காததை எண்ணி அப்போது எனக்குக் கோபம் வந்தது. வகை தெரியாமல் மருந்து தொடங்கியிருந்தால் அண்ணனுக்கு எந்த ஆய்விலும் இடம் கிடைத்திருக்காது என்பது பிறகே புரிந்தது.

3. ஒரே பெயர், ஒரே எழுத்து

ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னால், பயாப்சி அறிக்கையில் முதலெழுத்தே இல்லை. நம் ஊரில் இது சாதாரணம். தோட்டத் தொழிலாளர்களிடமும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிடமும் பெயர் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். சாதாரணச் சிகிச்சைக்கு இது பெரிய தடையாகாது. காப்பீட்டுக்கும் மருத்துவ ஆய்வுக்கும் இது முழுத் தடை, ஏனெனில் அந்தச் சதை இந்த மனிதருடையதுதான் என்பதை ஆய்வாளர் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

முதல் வெளிநோயாளர் சீட்டு போடும்போதே ஆதாரைக் காட்டி, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அறிக்கையில் பிழை வந்தால் அன்றே திருத்தி வாங்குங்கள். மாதங்கள் கழிந்தபின் ஆய்வகம் திருத்தித் தரத் தயங்கும். எங்களுக்கு நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு இரண்டு நாள் அலைச்சலும் 500 ரூபாயும் ஆயின.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் மூன்று மூன்று நகல்கள், எல்லா அறிக்கைகளும் தேதி வரிசையில், ஸ்கேனின் அச்சுப் படம் மட்டுமல்லாமல் அதன் சி.டி. தட்டு; இதுவரை சாப்பிட்ட மருந்துகள் அனைத்தின் பட்டியல். இந்தப் பட்டியலில் நாட்டு மருந்து, கசாயம், லேகியம் ஆகியவற்றையும் எழுதுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். சில மூலிகைகள் ஈரலின் அளவுகளை மாற்றக்கூடியவை, காரணம் தெரியாத மாற்றம் ஒன்றே ஆய்விலிருந்து விலக்கப் போதுமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிப் பழங்குடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றால், அரிவாள் செல் என்னும் பரம்பரை இரத்த நோய்க்கான சோதனை செய்திருந்தால் அந்த முடிவையும் கோப்பில் வையுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் ஆய்வாளருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

4. எந்த வாசலுக்குப் போவது

தொடக்கப் பரிசோதனைக்கு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் குன்னூர் அரசு லாலி மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு இறங்குவது, நேராகக் கோவைக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட எளிது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. ஆகியவை நம் பக்கத்தவர் வழக்கமாகப் போகும் இடங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோழிக்கோடும் பெங்களூருவும் அருகில். ஆனால் முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதை மறந்து நேரம் குறிக்காதீர்கள்.

எங்கே போனாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து, நோயியல் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் 'டியூமர் போர்டு' அங்கே இருக்கிறதா? மென்சதைச் சார்கோமாக்கள் பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவே. ஒரு மருத்துவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இதில் தனியாக முடிவெடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

புற்றுநோயாக இல்லாமல், குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் அரிய மரபணு நோய் என்றால் வழி வேறு. 2021-இல் வெளியான தேசிய அரிய நோய்கள் கொள்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய மையம் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை. பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

5. ஆய்வைத் தேடுவது

இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகள் யாவும் சி.டி.ஆர்.ஐ. என்னும் அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்; நோயின் பெயரை ஆங்கிலத்தில் இட வேண்டும் என்பதால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆய்வுக்கும் சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு ஆண்டு, மாதம், வரிசை எண் கொண்ட பதிவெண் இருக்கும். எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, முதன்மை ஆய்வாளர் யார், நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, ஆள் சேர்ப்பு நடக்கிறதா முடிந்ததா, யாரைச் சேர்ப்பார்கள், யாரை விலக்குவார்கள் என்பன எல்லாம் அதில் இருக்கும். விலக்கும் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். போக்குவரத்துச் செலவு மிஞ்சும்.

ஆய்வு என்றதும் புதிய மருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிகிச்சையில் எந்த மாற்றமும் செய்யாமல், நோய் எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பதிவு செய்யும் ஆய்வுகளும் உண்டு. சதையையும் இரத்தத்தையும் பிற்கால ஆராய்ச்சிக்காகச் சேமிக்கும் ஆய்வுகளும் உண்டு. எது உங்களிடம் கேட்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'ஆராய்ச்சிச் சிகிச்சை' என்ற பெயரில் பணம் கேட்பவர்களிடம் பதிவெண் கேளுங்கள். ஸ்டெம் செல் ஊசி புற்றுநோயைக் கரைக்கும் என்று சொல்லி எங்களிடம் ஒருவர் இரண்டரை லட்சம் கேட்டார். பதிவெண் கேட்டதும் அவர் பேச்சை மாற்றினார். சோதனை நிலையில் உள்ள மருந்துக்கு நோயாளியிடம் விலை கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

6. ஒப்புதல் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்து வேண்டாம்

ஆய்வில் சேர்வதற்கு முன் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தருவார்கள். அவை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எங்கள் மருத்துவமனையில் தமிழில் 19 பக்கங்கள் இருந்தன. அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம், கொடுத்தார்கள். அண்ணியும் நானும் இரண்டு இரவு வாசித்து, புரியாத இடங்களில் பென்சிலால் கோடிட்டோம். மொத்தம் 14 கோடுகள். அடுத்த முறை போனபோது ஆய்வு மருத்துவர் பதினான்குக்கும் பதில் சொன்னார்.

வீட்டில் படுக மொழியோ இருளர் மொழியோ மட்டும் பேசும் முதியவராக இருந்தால், எழுதிய தமிழ் அவருக்குப் புரியும் என்று மற்றவர்கள் தாமாக முடிவு செய்துவிடக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க, முழுவதும் வாய்விட்டு வாசித்து விளக்க வேண்டும். சாட்சியும் கையெழுத்திட வேண்டும். முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள் ஒப்புதல் தருவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. கேமராவைக் கண்டு என் அத்தை போன்றவர்கள் பயப்படுவார்கள். அது நோயாளியின் பாதுகாப்புக்காக என்பதை முன்னரே சொல்லி வையுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

படிவத்தில் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்குமா? அப்படியானால் புதிய மருந்து கிடைக்காத பிரிவில் விழவும் வாய்ப்பு உண்டு, அந்தப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை தரப்படுகிறதா என்று கேளுங்கள். ஆய்வினால் உடலுக்குக் கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு? அந்தக் கேடு ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரையோ, ஆய்வாளர் தேவை என்று கருதும் வரையோ, ஆய்வை நடத்தும் நிறுவனம் இலவசச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் வந்தது என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும். இதற்காகவே படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். வாரிசுதாரர் இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அண்ணன் அந்த இடத்தைப் பார்த்ததும் முகம் மாறிப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்; அண்ணிதான் எடுத்துத் தன் பெயரை எழுதினார்.

எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்னும் வரியும் அதில் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்க வேண்டும். சதையைப் பிற்கால ஆராய்ச்சிக்குச் சேமிப்பதற்குத் தனிக் கட்டமும் தனிக் கையெழுத்தும் இருந்தால், அதை மறுத்துவிட்டும் ஆய்வில் சேர முடியுமா என்று கேளுங்கள். கடைசியாக, கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியைக் கையில் வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். அது உங்களுக்குச் சேர வேண்டியது.

7. பணம்

வழக்கமான சிகிச்சைக்கான செலவு வேறு, ஆய்வுக்காக மட்டும் செய்யப்படும் சோதனைகளின் செலவு வேறு. இரண்டாவதை நோயாளி கட்டக் கூடாது. எந்தச் சோதனை எந்தக் கணக்கில் சேரும் என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எங்களிடம் ஒரு முறை ஆய்வுக்கான இரத்தப் பரிசோதனைக்கும் பில் போட்டுவிட்டார்கள்; தாளைக் காட்டியதும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். நோய் வந்தபின் இதற்கு ஓடாதீர்கள். அட்டை இல்லாத குடும்பத்தினர் இந்த வாரமே போய் எடுத்துவிடுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதியானது. புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்கான பயணத்தில் படுக்கை வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும். முதல் மூன்று பயணங்களுக்கு இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்தோம். ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு படிவங்களாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத செலவே பெரியது. நாள் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, பறிக்காமல் முற்றிப்போகும் இலை. ஆய்வு நிறுவனம் பயணப்படி தருமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தோட்டத் தொழிலாளியாக இருந்தால், ஒவ்வொரு வருகைக்கும் மருத்துவமனையில் வருகைச் சான்று வாங்கித் தோட்ட மருத்துவமனையில் கொடுங்கள். பின்னால் மொத்தமாகக் கேட்டால் கிடைப்பதில்லை.

8. இருபத்தெட்டு நாள்

ஆய்வுகளில் 'ஸ்கிரீனிங்' என்று ஒரு காலம் உண்டு. ஒப்புதல் தந்த பிறகு, நீங்கள் தகுதியானவரா என்று பார்க்கும் சோதனைகளை ஒரு குறிப்பிட்ட நாட்களுக்குள் முடித்து, மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். ஸ்கேனுக்குப் பெரும்பாலும் 28 நாள், இரத்தப் பரிசோதனைக்கு அதைவிடக் குறைவு. ஒரே ஒரு நாள் கூடினாலும் ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டும், அல்லது இடம் போய்விடும்.

நாங்கள் இழந்தது இங்கேதான். வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த நவம்பரில் அண்ணனின் நெஞ்சு சி.டி. ஸ்கேன் முடிந்தது, ஸ்கேன் எடுத்ததிலிருந்து 26-ஆம் நாள் கோவையில் இருக்க வேண்டும். முந்தின இரவு மண் சரிந்து பாதை அடைபட்டது. மறுநாள் சுற்றுப் பாதையில் போய்ச் சேர்ந்தபோது, ஆதாரில் உள்ள பெயரோடு பழைய அறிக்கை பொருந்தவில்லை என்று நிறுத்தினார்கள். திருத்தி வந்தபோது நாள் 31.

ஆகவே ஒப்புதல் தரும் அன்றே நாட்காட்டியில் 28 நாளையும் குறித்து, கடைசி ஏழு நாளை இல்லாததாகவே கருதி 21 நாளுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பாதைகளையும், ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர்ப் பாதையையும் நம்பி அன்று காலையில் புறப்படாதீர்கள். முந்தின நாளே இறங்கித் தங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மழை இல்லாவிட்டாலும் சுற்றுலா வாகனங்களால் பாதை ஒருவழியாக மாற்றப்படும். கோவையிலிருந்து வாடகைக் காரில் திரும்பினால், வெளியூர்ப் பதிவெண் உள்ள வண்டி நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்பதால், அது இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். சிகிச்சை முடிந்து வாந்தியோடு வரும் நோயாளியைக் கல்லாறு சோதனைச் சாவடியில் உட்கார வைத்திருப்பது கொடுமை.

ஸ்கேன்களை எப்போதும் ஒரே இடத்தில், இயன்றால் ஒரே கருவியில் எடுங்கள். கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுகிறார்கள். இடம் மாறினால் அந்த ஒப்பீடு தடுமாறும்.

9. வினாத்தாளில் உண்மையை எழுதுங்கள்

மருந்து வேலை செய்கிறதா என்பதோடு, நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதையும் ஆய்வுகள் அளக்கின்றன. அதற்கெனப் பரவலாகப் பயன்படும் வினாத்தாள்களில் ஒன்றான கியூ.எல்.கியூ. சி30-இல் முப்பது கேள்விகள் உள்ளன. நடக்கச் சிரமமா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, குடும்ப வாழ்க்கை பாதிக்கப்பட்டதா, பணக் கஷ்டம் வந்ததா என்று அது கேட்கும். பெரும்பாலான கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை.

அண்ணன் முதல் இரண்டு முறை எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்று வட்டமிட்டார். குறை சொன்னால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. ஆண் பிள்ளை வலியைச் சொல்லக் கூடாது என்ற வளர்ப்பு இன்னொன்று. அந்த வாரம் அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நீண்ட தூரம் நடக்கச் சிரமமா என்ற கேள்விக்கு, மருத்துவமனையின் சமதளத் தாழ்வாரத்தை நினைத்து 'இல்லை' என்றார்; வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் நூற்றுச்சொச்சம் படிகளை அவர் நினைக்கவில்லை. உங்கள் ஊரில், உங்கள் மேட்டில், உங்கள் வேலையில் எப்படி இருக்கிறது என்பதையே எழுதுங்கள். அடுத்து வரும் நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பது இத்தகைய விடைகளாலும் தீர்மானிக்கப்படுகிறது.

இன்னொன்று: வினாத்தாளை அன்றே மருத்துவர் படிப்பார் என்று எண்ணாதீர்கள். பல ஆய்வுகளில் அது நேராகத் தரவுக் கணக்குக்குப் போய்விடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, மரத்துப்போன விரல்கள் ஆகியவற்றை வாய்விட்டும் சொல்லுங்கள். அண்ணன் சொன்ன அன்றே வாந்தி மருந்தை மாற்றினார்கள். அடுத்த வாரம் அவர் களியும் கீரையும் சாப்பிட்டார்.

சிகிச்சை முடிந்த பிறகும் வருகைகள் தொடரும். இப்போது அண்ணன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடைக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன் எடுக்கப் போகிறார். இந்தக் கட்டி திரும்ப வந்தால் நுரையீரலில் வருவதே அதிகம் என்பதால் நெஞ்சு ஸ்கேனை விடக் கூடாது. வர முடியாத நாளில் ஒருங்கிணைப்பாளருக்கு முன்னதாகவே தொலைபேசியில் சொல்லுங்கள். ஓரிரு நாள் தள்ளிக்கொள்ள இடம் இருக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் 'தொடர்பு இழந்தவர்' என்று எழுதிவிடுவார்கள்.

ஆய்வில் சேர்ந்ததும் ஆய்வின் பெயர், மருந்தின் பெயர், இரவிலும் அழைக்கக்கூடிய எண் ஆகியவை உள்ள ஓர் அட்டை தருவார்கள். அதை நகலெடுத்து ஒன்று நோயாளியின் சட்டைப் பையிலும், ஒன்று வீட்டுக் கதவின் உட்புறத்திலும், ஒன்று பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள். கீமோ மருந்து எடுக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்றோ, கோவைக்கே போய்விடலாம் என்றோ காத்திருக்கக் கூடாது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த இரவிலேயே மலையில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், அதைக் காட்டி, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வு மருத்துவரை அங்கிருந்தே அழைக்கலாம்.